‘சீரியஸ்லி’ இல்லாத விண்ணப்பம்

மாரியாயி அக்கா கடைக்குள் வரவில்லை. தகரக் கூரையிலிருந்து மழைத் தண்ணீர் கொட்டுகிற இடத்துக்கு ஒரு சாண் உள்ளே, வாசலிலேயே நின்றுகொண்டார். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. கையில் ஒரு பட்டன் போன். அதைப் பால் பாக்கெட் உறைக்குள் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தார்.

“கப்பலுக்கு எழுதித் தர்ற பாய் கடை இதுதானே?”

“ஆமாக்கா, உள்ள வாங்க.”

“வேணாம் தம்பி, ஈரமா இருக்கேன். காயிதமெல்லாம் நனைஞ்சிரும்.”

அவரை அன்றுதான் முதல்முறை பார்க்கிறேன். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து கொண்டுவந்து இந்த அந்தமான் நிக்கோபார் தீவுகளில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களில் ஒன்று அவருடையது. தெற்கே நிக்கோபார் பக்கத்துத் தீவு ஒன்றில் ரப்பர் பால் வெட்டுகிற வேலை. தீவுக்குத் தீவு ஓடும் சின்னக் கப்பலில் ஒரு ராத்திரி முழுக்கக் குலுங்கி வந்து, போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் சொந்தக்காரர் வீட்டில் பையைப் போட்டுவிட்டு, நேரே ஜங்லிகாட் பகுதியில் விண்ணப்பம் அடித்துத் தரும் என் கடைக்கு வந்திருந்தார்.

மகள் செல்விக்குப் பத்தொன்பது வயது. திருப்பூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலை செய்கிறாள். அவளுக்குக் காய்ச்சல். மறுநாள் சாயங்காலம் சென்னைக்குக் கப்பல் கிளம்புகிறது. அதில் அக்காவுக்கு ஒரு படுக்கை வேண்டும்.

இந்தத் தொடரில் இதுவரை என்னைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டுதான் எழுதிவந்தேன். டைப்ரைட்டரை விற்று கம்ப்யூட்டர் வாங்கிய கதையைப் படித்துவிட்டுப் போன வாரம்கூட இரண்டு பேர் போன் செய்து சிரித்தார்கள். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் கிடையாது. இதை எழுதாமல் தாண்டிவிடலாமா என்று நாலு நாள் யோசித்தேன். தாண்டினால் எழுதிய மற்றதெல்லாம் பொய்யாகிவிடும் போல இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

நோயாளி அங்கே, காகிதம் இங்கே

மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் நீங்கள் பஸ் ஏறிவிடுவீர்கள். நாங்கள் கப்பல் ஏற வேண்டும். கப்பல் தினமும் கிடையாது. போர்ட் பிளேரில் கிளம்பினால் சென்னை சேர மூன்று நாள். டிக்கெட் கொடுக்கிற அன்று விடியற்காலையிலேயே வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிடும்.

ஆனால் அவசரத்துக்கென்று கொஞ்சம் படுக்கைகளைத் தனியே வைத்திருப்பார்கள். சாவு, சாகக் கிடக்கிற நோய், இந்த இரண்டுக்கும்தான் அவை. அதற்கு இங்கிலீஷில் ஒரு விண்ணப்பம் எழுதி, கப்பல் கிளம்புகிற அன்று காலையில் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். அவர் மூலையில் ஒரு கையெழுத்துப் போட்டால் படுக்கை உண்டு.

நோயாளி கிடப்பது மெயின்லேண்டில். விண்ணப்பம் போடுகிறவர் இங்கே. நடுவில் கடல். டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்டால் யாரிடமும் இருக்காது. அன்று வாட்ஸ்அப் எல்லார் கைக்கும் வந்துவிடவும் இல்லை. ஆகவே அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிற வார்த்தையைத் தவிர அதிகாரிக்குப் பிடித்துக்கொள்ள வேறொன்றும் கிடையாது.

அந்த வார்த்தை ‘சீரியஸ்லி’.

யாரோடு யார் சேரும்

நான் படித்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் அல்ல. ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்து இங்கே மளிகைக் கடை வைத்த என் வாப்பாவுக்கு வருகிற கடிதங்களையும், பழைய விண்ணப்பங்களின் நகல்களையும் படித்துப் படித்து ஒட்டிக்கொண்ட இங்கிலீஷ். இலக்கணம் கேட்டால் முழிப்பேன். ஆனால் எந்த வார்த்தைக்குப் பக்கத்தில் எந்த வார்த்தை உட்காரும் என்று எனக்குத் தெரியும். கல்யாணப் பந்தியில் யாரை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்று சிலருக்குத் தெரியுமே, அந்த மாதிரி.

‘கைண்ட்லி’ ஒரு ஊர்சுற்றி. அது எதன் முன்னாலும் போய் நிற்கும். ‘ஹம்ப்ளி’ வந்தால் பின்னாலேயே ‘ரிக்வெஸ்ட்’ வந்தாக வேண்டும். ‘சீரியஸ்லி’ அப்படியெல்லாம் எல்லாரோடும் பழகாது. நோயோடு வரும்: ‘சீரியஸ்லி இல்’. அடிபட்டவரோடு வரும்: ‘சீரியஸ்லி இஞ்சூர்ட்’. புயல் அடித்த மறுவாரம் கூரைத் தகடோடு வரும்: ‘சீரியஸ்லி டேமேஜ்ட்’. நான் பார்த்தவரை அது நல்ல வார்த்தை எதன் பக்கத்திலும் உட்கார்ந்ததில்லை.

இன்று என் மகள் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு ‘சீரியஸ்லி குட்’ என்கிறாள். ஏதாவது சொன்னால் ‘சீரியஸ்லி?’ என்று அதை மட்டும் தனியாகத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறாள். காலம் மாறிவிட்டது, அவள் மேல் தப்பில்லை. ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. ஏன் என்று அவளுக்கு நான் சொன்னதில்லை. அவளும் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

கம்ப்யூட்டர் வந்த பிறகு நான் ஒரு சுலபம் கண்டுபிடித்தேன். கப்பல் விண்ணப்பத்துக்கென்று ஒரே ஒரு ஃபைல். வருகிறவரின் பெயரையும் ஊரையும், யாருக்கு உடம்பு சரியில்லை என்பதையும் மாற்றினால் போதும். ‘சீரியஸ்லி இல்’ ஏற்கெனவே அதில் உட்கார்ந்திருக்கும். மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போகிறவரும் அதை வாங்கிக்கொண்டு போவார். ஊருக்குப் போய் மூன்று வருஷமாகிறது, சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்கிறவரும் வாங்கிக்கொண்டு போவார். நான் யாரையும் எதுவும் கேட்கமாட்டேன். ஜங்லிகாட்டில் பாதிப் பேருடைய அம்மாக்கள் என் ஃபைலில் சாகக் கிடந்தார்கள். ஊரில் அவர்கள் நன்றாகக் கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருமுறை ஒருவர் தாய்மாமன் இறந்துபோனதற்கு விண்ணப்பம் எழுத வந்தார். இறந்துவிட்டார் என்று எழுதினேன். படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “சீரியஸ்லி எங்க பாய்?” என்றார்.

“ஆளே போயிட்டாரு. இனிமே அது எதுக்கு?”

“இல்ல பாய், போட்டுருங்க. போடலேன்னா சாதாரண சாவுன்னு நினைச்சிருவாங்க.”

அன்று கடையில் இருந்த எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

சாஹிப்பின் சிவப்புப் பேனா

மாரியாயி அக்கா வருவதற்கு ஒரு வாரம் முன்னால் கப்பல் ஆபீஸிலிருந்து எனக்கு ஆள் வந்தது. அதிகாரி கூப்பிடுகிறாராம். எல்லாரும் அவரை சாஹிப் என்றுதான் சொல்வார்கள். எங்கள் பக்கத்து ஆள் அல்ல, வடக்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர். கெட்ட மனிதர் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

மேஜையில் பதினான்கு விண்ணப்பங்களைச் சீட்டுக்கட்டு போலப் பரப்பி வைத்திருந்தார். பதினொன்று என் கடையில் அடித்தவை. பதினொன்றிலும் அந்த ஒரு வார்த்தையைச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்.

“ஜங்லிகாட் மே கோயி சாதாரண் பீமார் நஹி ஹோதா க்யா?”

ஜங்லிகாட்டில் யாருக்குமே சாதாரணமாக நோய் வராதா என்று கேட்கிறார். பின்னால் நின்ற குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் சிரிக்கவில்லை. போன கப்பலில் நிஜமாகவே அப்பா சாகக் கிடந்த ஒருவன் இந்தக் கும்பலில் சிக்கி விடுபட்டுப் போனான், அவன் தன் முன்னால் வந்து நின்று அழுதான் என்றார். இனி உன் கடைக் காகிதத்தில் இந்த வார்த்தை பொய்யாக வந்தால் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிடுவேன் என்றார்.

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட ஒரு வீம்பும் வந்தது. என் இங்கிலீஷைப் பற்றி ஒரு குமாஸ்தா கூட்டம் சிரிப்பதா? அன்று வீடு திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். இனி கேட்டு விசாரித்துத்தான் எழுதுவது. உண்மைக்கு மட்டும்தான் அந்த வார்த்தை. மூன்று பேரை அப்படியே திருப்பி அனுப்பினேன். நல்ல மனிதனாகிவிட்டது போல இருந்தது எனக்கு.

நான்காவது ஆளாக வந்தவர் மாரியாயி அக்கா.

“கொரலு சரியில்ல”

“காய்ச்சல் எத்தனை நாளாக்கா?”

“மூணு நாளா தம்பி.”

“ஆஸ்பத்திரில சேர்த்திருக்கா?”

“ஊசி போட்டுட்டு ரூமுக்கு வந்துட்டாளாம். கூட வேலை செய்யற புள்ளைதான் போனு எடுத்துச்சு. அப்புறம் செல்விகிட்ட குடுத்துச்சு.”

“செல்வி பேசினாளா?”

“பேசுனா. ஒண்ணுமில்லம்மா, காய்ச்ச விட்டுருச்சு, கஞ்சி குடிச்சேன், நீ வராதன்னு சொல்றா.”

“அப்ப சரியாயிட்டுதானே வருது?”

அக்கா போன் உறையின் மேல் இருந்த மழைத்துளியைக் கட்டைவிரலால் துடைத்தார்.

“கொரலு சரியில்ல தம்பி. நான் பெத்த புள்ள. எனக்கு வெளங்குது. நீங்க நல்லா எழுதிருங்க. எல்லாருக்கும் எழுதற மாதிரியே எழுதிருங்க.”

“உண்மைய எழுதினாத்தான்க்கா இப்ப குடுக்குறாங்க. ஆபீஸர் கண்டிப்பா சொல்லிட்டாரு.”

“நமக்கு என்னா தெரியும். நீங்க படிச்சவங்க.”

ஃபைலைத் திறந்து பெயர், ஊர், மகள் என்று மாற்றினேன். ‘மை டாட்டர் இஸ் சீரியஸ்லி இல்’ என்று தானாகவே தயாராக நின்றது. நான் சும்மா இருந்திருந்தாலே போதும், அப்படியே அச்சாகியிருக்கும். அழிக்கத்தான் வேலை செய்ய வேண்டியிருந்தது. அந்த வேலையைச் செய்தேன். ஒவ்வொரு எழுத்தாகப் பின்னாலிருந்து அழித்துக்கொண்டே போய், காய்ச்சலால் அவதிப்படுகிறாள் என்று மட்டும் அடித்தேன். காய்ச்சலுக்கு முன்னால் எந்த வார்த்தையையும் வைக்கவில்லை.

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வைத்தார். காகிதம் நனையாமலிருக்க ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

கப்பல் போன பிறகு

மறுநாள் மதியம் திரும்பி வந்தார். சாஹிப் பார்த்துவிட்டு, காய்ச்சல்தானே, அடுத்த கப்பலில் போகலாம் என்று சொல்லிவிட்டாராம். அடுத்த கப்பல் எட்டு நாள் கழித்து.

வேறு கடையில் அடித்துக்கொண்டு போன ஒருவருக்கு அன்று படுக்கை கிடைத்திருந்தது. அவர் எதற்குப் போகிறார் என்று எனக்குத் தெரியும். மைத்துனிக்கு நிச்சயதார்த்தம்.

அப்போது மணி இரண்டு இருக்கும். சாயங்காலம்தான் கப்பல். இன்னொரு காகிதம் அடிக்க ஐந்து நிமிஷம் ஆகும். நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் சாஹிப்பிடம், தப்பாக எழுதிவிட்டேன், இந்தப் பெண் நிஜமாகவே தவிக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவும் தோன்றியது. ஒரு வாரம் முன்னால் தலைகுனிந்து நின்ற அதே இடத்தில் மறுபடி போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. காலையில் காய்ச்சல், மதியம் சீரியஸ்லியா என்று கேட்பார். குமாஸ்தாக்கள் சிரிப்பார்கள். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

“எட்டு நாள்தானேக்கா. அதுக்குள்ள சரியாயிரும்” என்றேன்.

விமானம் என்று ஒன்று இருப்பதை அவர் நினைக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அது நமக்கில்லை என்று எல்லாருமே பழகிப்போயிருந்தோம்.

சாயங்காலம் கப்பல் ஊதியது கடை வரைக்கும் கேட்டது. ஒரு ஃபோட்டோவுக்கு லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தேன். கை நிற்கவில்லை, போட்டு முடித்தேன்.

காய்ச்சல் விட்டதும்தான் செல்விக்கு மோசமாகியிருக்கிறது. சிலருக்கு அப்படித்தான் ஆகுமாம், பின்னால் ஒரு டாக்டர் சொன்னார். கப்பல் கிளம்பிய இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆறாம் நாள் ராத்திரி போய்விட்டாள்.

எத்தனையோ தடவை மனதுக்குள் அந்தக் கப்பலில் அக்காவை ஏற்றிப் பார்த்துவிட்டேன். நாலாம் நாள் சென்னை. ராத்திரி பஸ் பிடித்தால் ஐந்தாம் நாள் காலை ஆஸ்பத்திரி வாசல். இரண்டு பகலும் ஒரு ராத்திரியும் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். காப்பாற்றியிருக்க முடியுமா, தெரியாது. பக்கத்தில் இருந்திருக்க முடியும். மில்லில் கூட வேலை செய்த அந்தப் பெண்தான் கடைசி வரை இருந்தாளாம். செல்வி அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருந்தாள் என்று அவள் போனில் சொல்லியிருக்கிறாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஒரு கேள்வி

அக்கா மறுபடி கடைக்கு வந்தார். அன்று மழை இல்லை. கோத்தகிரியிலிருந்து உறவுக்காரர் ஒருவர் போய் எல்லாவற்றையும் முடித்துவிட்டார். ஆனாலும் போக வேண்டும். காரியம் செய்ய வேண்டும், செல்வியின் பெட்டியையும் துணிமணிகளையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சாவுக்கு எழுதுகிற விண்ணப்பத்தில் யோசிக்க ஒன்றுமில்லை. அடித்தேன். அச்சாகி வெளியே வருகிற வரை அவர் முகத்தைப் பார்க்காமல் பிரின்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தம்பி, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்கக்கா.”

“அன்னிக்கு அந்தக் காயிதத்துல சீரியஸ்னு எழுதுனீங்கதானே?”

அவர் குரலில் சண்டை இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். எழுதவில்லை அக்கா, அந்த வார்த்தை ஏற்கெனவே இருந்தது, நான்தான் அழித்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். உண்மை உண்மை என்று மூன்று பேரை விரட்டிவிட்ட மனிதன் நான்.

“எழுதினேன்க்கா” என்றேன்.

“எழுதியுமா குடுக்கல?”

தலையாட்டினேன்.

அக்கா வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சாஹிப்பைத் திட்டினார். அவன் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று வந்தால்தான் தெரியும் என்றார், அவன் குடும்பம் விளங்காது என்றார். நான் வாங்க வேண்டிய திட்டை, காகிதத்தில் எழுதியிருந்ததைப் படித்தது தவிர வேறெதுவும் செய்யாத மனிதர் வாங்கிக்கொண்டிருந்தார். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“என்னைய மன்னிச்சிருங்க தம்பி. ராத்திரியெல்லாம் படுத்துக்கிட்டு ஒங்களத்தான் நெனச்சேன். இவருதான் சரியா எழுதலையோ, இவராலதான் எம்புள்ள மொகத்தப் பாக்காம போச்சோன்னு. பாவம், ஒங்க மேல போய்ச் சந்தேகப்பட்டுட்டேன்.”

என் வாழ்க்கையில் நிறையப் பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். எதுவும் இந்த மன்னிப்பைப் போல வலித்ததில்லை.

அந்த முறை அக்காவுக்கு உடனே படுக்கை கிடைத்தது. சாஹிப் காகிதத்தைப் படித்துவிட்டு எழுந்து நின்றாராம். ஹிந்தியில் என்னவோ சொன்னாராம். அக்காவுக்கு அது புரியவில்லை. அடுத்த வருஷம் சாஹிப் மாற்றலாகிப் போய்விட்டார். அவரைப் பார்த்துச் சொல்லவும் நான் போகவில்லை.

அக்கா தோட்டத்துக்குத் திரும்பிப் போய் எல்லாரிடமும் இதைச் சொல்லியிருக்கிறார். பாய் சீரியஸ் என்று எழுதியும் அந்தப் படுபாவி கொடுக்கவில்லை என்று. அது அங்கிருந்து மற்றத் தோட்டங்களுக்கும் போயிருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து கப்பலுக்கு எழுத வருகிற கூட்டம் என் கடைக்கு அதிகமானது. பக்கத்துக் கடைக்காரர், உனக்கு என்னப்பா அந்தத் தீவிலெல்லாம் அவ்வளவு பேர் என்று கேலி செய்வார்.

நாலைந்து மாதம் கழித்து ஒருநாள் தோட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். வயதான ஆள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து, கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

“மாரியாயி அனுப்புச்சுங்க. பொய் பேசாத மனுசன், காயிதம் எழுதணும்னா அவருகிட்ட மட்டும் போய் எழுதிக்கன்னு சொல்லுச்சு.”

யாருக்கு என்ன உடம்பு என்று நான் அவரைக் கேட்கவில்லை. அந்த வார்த்தையைப் போட்டு அடித்துக் கொடுத்தேன்.